குடுவைச் செடிகளும் அதே சுருளில் ஒரு முகமும்

வாசிப்புக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்த ஒரு சில்லு, பழைய டார்ச் லைட்டின் குவிந்த கண்ணாடி, இரண்டு முனையும் வெட்டியெடுத்த பால் டின் ஒன்று. இவற்றை ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியால் ஒட்டி என் மடிப்புக் கேமராவின் மூக்கில் மாட்டியிருந்தேன். எறும்பின் காலில் இருக்கும் மயிர்வரை படத்தில் விழ அது போதுமாக இருந்தது. நல்ல நெருக்க லென்ஸ் சிங்கப்பூரில் கிடைக்கும் என்று சொன்னார்கள். அதை வாங்குகிற நிலையில் நான் இல்லை.

அப்போது நான் மலாயாவில், நியாலாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். பெரிய டாக்டர் எப்போதாவதுதான் வருவார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், வெட்டுக்காயம் எல்லாம் என் பொறுப்பு. அப்பா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. என் மனைவி வீட்டாரும் அப்படித்தான். நாங்கள் இருவரும் மலாயாவிலேயே பிறந்தவர்கள் என்றாலும் வீட்டுக்குள் பேச்சு மட்டும் யாழ்ப்பாணத்துப் பேச்சாகவே இருந்தது. பிள்ளைகள் இல்லை.

நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து நோயாளிகளின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி தேடுகிறவனுக்குச் சின்னதைப் பெரிதாகப் பார்க்கும் ஆசை தானாக வந்துவிடும். எனக்கும் வந்தது. தோட்டத்தின் கடைசி நிரை ரப்பர் மரங்களைத் தாண்டினால் ஒரு சதுப்பு. அதற்கு அப்பால் காடு. சதுப்பின் ஓரத்தில் புதர்களில் படர்ந்து குடுவைச் செடிகள் தொங்கின. மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்கள். தோட்டத்து லயங்களில் வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் கொரங்குச் சட்டி என்பார்கள். முதல்முறை என் மனைவியை அங்கே கூட்டிப்போனபோது அவள் ஒரு குடுவையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உது பூவே?"

"பூ இல்லை. இலைதான். இலையின்ர நுனி இப்பிடிப் பானை மாதிரி வளருது."

"உள்ளுக்கு என்ன தண்ணி?"

"விழுற பூச்சியைக் கரைக்கிற தண்ணி."

எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "கடவுளே, எறும்பெல்லாம் செத்து மிதக்குது. இதையே படம் எடுக்கப் போறியள்?"

அதைத்தான் எடுத்தேன். வேலை பொறுமையைக் கேட்டது. என் கேமராவில் இவ்வளவு கிட்டத்தில் எது தெளிவாக விழும் என்று பார்க்க வழியில்லை. அதனால் பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்த் தாளை ஒட்டி, கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, தாளில் உருவம் கூர்மையாக விழும் தூரத்தைக் கண்டுபிடிப்பேன். அந்தத் தூரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக்கொள்வேன். பிறகு பிலிம் போட்டு, டின்னின் விளிம்பிலிருந்து குடுவையின் வாய்வரை குச்சியால் அளந்து, குச்சியை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவேன். மரநிழலில் வெளிச்சம் போதாது. என் மனைவி பொட்டு வைக்கப் பார்க்கும் வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்து, சற்றுத் தள்ளி வெயிலில் நின்று, ஒளியைத் திருப்பிக் குடுவைமேல் விழச் செய்வாள். காற்று அடித்தால் போச்சு. கொசு கடித்து அவள் கை அசைந்தாலும் போச்சு. ஒரு சுருளில் எட்டுப் படம்தான் விழும் என்பதால் ஒன்றை எடுக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்த நாள்கள் உண்டு.

ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு அக்கா எங்களை அங்கே பார்த்துவிட்டுச் சிரித்தார். "டிரசரையா, மனுசங்க எத்தன பேரு இருக்கோம், எங்கள எடுக்காம இந்தச் சட்டியப் போயி எடுக்கிறீங்களே!"

படங்களைக் கழுவ மலாக்கா டவுனுக்குப் போகவேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சீனருடைய போட்டோக் கடை. கடைக்காரருக்கு என் வயதிருக்கும். கடையில் அவரும் மனைவியும் வயதான தாயும். தம்பி ஒருவன் இருந்தானாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்வார். நான் அவனைப் பார்த்ததில்லை. காலம் கடந்த பிலிம் சுருள்களை எனக்கென்று எடுத்துவைத்துப் பாதி விலைக்கும் குறைவாகத் தருவார். அவருடைய உண்மையான திறமை படத்தைத் திருத்துவதில் இருந்தது. நெகடிவில் பென்சில் முனையை வைத்து அம்மைத் தழும்பை மறைப்பார், சோர்ந்த கண்ணுக்கு ஒளி கொடுப்பார், சட்டை இல்லாதவனுக்குக் கோட்டு வரைவார். ஊரில் இறந்துபோன பலருடைய படங்கள் அவர் கையால் நன்றாக உடுத்திக்கொண்டு சாமி மேடைகளில் இருந்தன.

என் குடுவைப் படங்களை முதலில் கழுவியபோது இருட்டறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். நாங்கள் பேசியது மலாயில்.

"டாக்டர், இது யாரோட வாய்?" என்னை டாக்டர் என்றே கூப்பிடுவார்; நான் திருத்தியும் விடவில்லை.

"செடியோட வாய்."

"அடுத்த தடவ கொஞ்சம் கீழேர்ந்து எடுங்க. உதட்டுல வரி வரியா இருக்கு பாருங்க, அது இன்னும் நல்லா வரும்."

அவர் சொன்னபடி எடுத்தேன். குடுவையின் உதட்டு வரிகள் சீப்பின் பற்களைப் போல விழுந்தன. அந்த வழுக்கலில் கால் வைக்கப் போகும் ஒரு எறும்பும் இருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடையின் முகப்பில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவே ஒட்டிவைத்தார்.

பிறகு, காட்டுக்குள்ளிருந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட எமர்ஜன்சி இறுகியது. தூரத்து லயங்களையெல்லாம் பிரித்து ஆட்களை ஆபீசுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் குடிவைத்து முள்வேலி போட்டார்கள். விடியுமுன் வாசலில் வரிசையாக நின்று மேலெல்லாம் தடவிப் பார்க்க விட்டபிறகுதான் பால் வெட்டப் போகலாம். ஒரு கைப்பிடிச் சோறு வெளியே போகக்கூடாது; காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். பசியோடு வெட்டப் போன பெண்கள் நிரைகளுக்குள் மயங்கி விழுந்து என்னிடம் தூக்கிவரப்பட்டார்கள். கடையில் பால் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். மருந்து அலமாரிச் சாவியைத் தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் துரை தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரைக் காட்டுக்காரர்கள் மரத்தில் கட்டிச் சுட்டார்கள். எங்கள் தோட்டத்தில் ஊரடங்கு மீறியதாக ஒரு காதுகேளாத மனிதரை ராணுவத்தார் சுட்டார்கள். இரண்டு உடலையும் நான்தான் கழுவினேன்.

சதுப்பு வேலிக்கு வெளியே போய்விட்டது. கொஞ்ச காலம் கேமராவைத் தொடவில்லை. ஆனால் எனக்கு அந்த நாட்களில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. துரையிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போவதானால் போ என்றார். வாசலில் அந்தக் கான்ஸ்டபிள், ஒரு மலாய் இளைஞர், என் பால் டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிகுண்டோ என்று பயந்திருக்க வேண்டும். அதன் வழியாகத் தன் கட்டைவிரலைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ரேகைகள் வரப்புபோலத் தெரிந்ததும் "அல்லா!" என்று சிரித்துவிட்டார். அதன்பின் எங்களோடு வருவது அவருக்கே பிடித்துப்போனது.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர் வடிந்த மண்ணில் ஒட்டிக்கிடந்த சின்னப் பசைச்செடிகளைக் கண்டேன். சல்லிக்காசு அகலம்தான். சிவந்த மயிர்களின் நுனியில் ஒவ்வொன்றிலும் ஒரு பசைத்துளி. ஒரு கொசு அதில் கால் மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. மயிர்கள் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் அதன்மேல் வளைந்தன. வயிற்றில் மண் ஒட்டக் குப்புறப் படுத்து எடுத்தேன். குடுவையிலும் இரண்டு எடுத்தேன். மொத்தம் ஐந்து. மிச்சம் மூன்றை வீணாக்க மனமில்லாமல், அடுத்த வாரம் எடுக்கலாம் என்று சுருளைக் கேமராவிலேயே விட்டுவைத்தேன்.

அடுத்த வாரம் வருமுன் காட்டோரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மாலையில் தொடங்கி அடங்கியது. காலையில் ஒரு உடலை மூங்கில் கழியில் கட்டித் தூக்கிவந்து, ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் போட்டார்கள். சீன இளைஞன். தோட்டத்து ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு, இவனைத் தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்கள். யாரும் தெரியும் என்று சொல்லவில்லை.

என்னைப் பார்க்கச் சொன்னார்கள். வயிற்றில் குண்டு. அப்படிப்பட்ட காயத்தில் உடனே உயிர் போகாது. நகக்கண்களில் மண் ஏறியிருந்தது. இரண்டு கையிலும் பிடுங்கிய புல். பல்லுக்கிடையிலும் புல். கத்தாமல் இருக்கக் கடித்திருக்க வேண்டும். இரவு முழுவதும் கிடந்து விடியும் நேரத்தில் செத்திருக்கிறான் என்று தெரிந்தது.

போலீஸ் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், வயது குறைந்தவர், தூக்கமில்லாத கண்கள். "நீதானே பூச்சி படம் எடுக்கிற டிரசர்?" என்று கேட்டார்.

"ஆமாம், சார்."

"எங்கள் போட்டோக்காரன் வேறு இடத்துக்குப் போயிருக்கிறான். இந்த வெயிலில் இது நாளைவரை தாங்காது. கேமராவைக் கொண்டு வா."

"மூன்று படத்துக்குத்தான் பிலிம் இருக்கிறது, சார்."

"மூன்று போதும். முகம் ஒன்று. இடது புருவத்துத் தழும்பு கிட்டத்தில் ஒன்று. கை ஒன்று, அந்தச் சுண்டுவிரல் கோணல் தெரிய வேண்டும்."

வீட்டுக்கு வந்து கேமராவையும் டின்னையும் குச்சியையும் எடுத்தேன். என் மனைவி வட்டக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் கண்ணாடியை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நீர் வரவேண்டாம்."

"ஆரப்பா?"

"தெரியாது. சின்னப் பெடியன்."

அந்த மலாய்க் கான்ஸ்டபிள் கண்ணாடியைப் பிடித்து முகத்தில் வெயிலைத் திருப்பினார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பிடித்ததால் ஒளி அங்கும் இங்கும் ஓடியது. முதல் படத்தை டின் இல்லாமல், சற்றுத் தள்ளி நின்று எடுத்தேன். பிறகு டின்னை மாட்டினேன். குச்சியின் ஒரு முனையைப் புருவத்தருகே வைத்தபோது அது தோலைத் தொட்டது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் வாய் ஏதோ முணுமுணுத்தது. உதட்டோரத்தில் எறும்புகள் ஏற ஆரம்பித்திருந்தன. நான் அவற்றைத் தட்டிவிட்டேன். அவை திரும்ப வந்தன. என் கைகள் மட்டும் தங்களுக்குப் பழகிய வேலையை ஒழுங்காகச் செய்தன. காற்று இல்லை. அசைவு இல்லை. எடுத்தவற்றிலேயே அவைதான் மிகத் தெளிவாக விழப்போகின்றன என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

சதுப்பு மேட்டில் குழிதோண்டிப் புதைத்தார்கள். அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

அன்றே கழுவிக் கொண்டுவர வேண்டும் என்று அதிகாரி சொல்லி, தோட்டத்து லாரியில் கான்ஸ்டபிளோடு என்னை டவுனுக்கு அனுப்பினார். எனக்குத் தெரிந்த கடை ஒன்றுதான். போனோம். கான்ஸ்டபிள் எதிர்ச்சாரியில் தேத்தண்ணி குடிக்கப் போனார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார்.

"பூ வந்துச்சா டாக்டர்?"

"பூவும் இருக்கு. கடைசி மூணு போலீஸ் படம். செத்தவன். பார்த்துப் பயந்துடாதீங்க."

"நான் பார்க்காத செத்தவனா?" என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக உள்ளே வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பார். பசைச்செடிப் படங்களைப் பற்றி முதலில் ஏதோ கேட்டார், நானும் பதில் சொன்னேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் நீண்ட நேரம் கேட்டது. குழாயை மூட மறந்துவிட்டாரோ என்று நினைத்து எழுந்தேன். அவர் மனைவி உள்ளே போனார். உடனே வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், கடைக்கதவைப் பாதி சாத்தினார்.

கடைக்காரர் வந்தபோது முழங்கைவரை ஈரமாக இருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டர், இந்த ஆள் எங்கே?"

"எங்க தோட்டத்துல. புதைச்சாச்சு."

"எந்த இடம்?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது. அவருடைய இடது கை தொடைமேல் கிடந்தது. அதன் சுண்டுவிரலும் அதே கோணலாக உள்நோக்கி வளைந்திருந்தது. எத்தனையோ முறை அந்தக் கையிலிருந்து படம் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் கவனித்ததில்லை.

"தம்பியா?" என்றேன்.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. "சீக்கிரமா போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"சீக்கிரம். நெஞ்சுல பட்டுது. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். படத்தில் அந்தக் கையில் இருந்த புல்லையும் நகத்து மண்ணையும் அவர் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"நான் தெரியும்னு சொன்னா எங்க எல்லாரையும் பிடிச்சு சீனாவுக்குக் கப்பல் ஏத்திடுவாங்க. அம்மாவுக்கு நடக்கவே முடியாது."

"நான் எதுவும் கேக்கல. நீங்களும் எதுவும் சொல்லல."

"ஒரே ஒரு படம், டாக்டர். முகம் மட்டும். எனக்கு ஒண்ணு போட்டுக்கிறேன்."

போட்டுக்கொள்ளச் சொன்னேன். கான்ஸ்டபிள் சாப்பாடும் முடித்து வாய் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது எல்லாப் படங்களும் காய்ந்து உறைக்குள் தயாராக இருந்தன. போலீசுக்கு ஒரு உறை. குடுவைகளுக்கும் பசைச்செடிகளுக்கும் தனி உறை. அன்றைக்கும் என் படங்களின் ஓரங்களை நேராக வெட்டிக் கொடுத்திருந்தார்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தன்ர கையாலே கழுவினவரே?" என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். வட்டக் கண்ணாடியை அவள் மறுபடி வீட்டுக்குள் எடுக்கவில்லை. பொட்டு வைக்க ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மாதம் போல இருக்கும், நான் டவுனுக்குப் போனபோது கடைக்காரர் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அவர் தாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். மேடையில் புதிதாக ஒரு படம். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டு, தலை படிய வாரி, நேராகப் பார்க்கும் ஒரு இளைஞன். தழும்பு இல்லை. உதடு மூடியிருந்தது. நான் எடுத்த படத்திலிருந்து இதைச் செய்தார் என்றால் எனக்கே நம்ப முடியவில்லை.

"கண்ணு?" என்று மெல்லக் கேட்டேன். நான் எடுத்ததில் கண்கள் பாதி மூடியிருந்தன.

"என்னுது. கண்ணாடியப் பார்த்து வரைஞ்சேன்."

தாயிடம், சிங்கப்பூரில் காய்ச்சலில் செத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, புதைத்த இடத்தை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். சீனர் ஒருவர் எங்கள் தோட்டத்துப் பக்கம் வருவது நடக்காத காரியம்.

நானும் மனைவியும் அந்த ஞாயிறே போனோம். கான்ஸ்டபிள் மரத்தில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மேட்டை நேரடியாக எடுக்கப் பயமாக இருந்தது. பிலிம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் முன்னால் தொங்கும் ஒரு குடுவையை வைத்துக்கொண்டு எடுத்தேன். டின்னை மாட்டினால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். ஆகவே கழற்றிவிட்டுப் பின்னுக்குப் போய், லென்ஸின் துவாரத்தை முடிந்தமட்டும் சுருக்கினேன். குடுவையும் தெரிந்தது, பின்னால் மண்மேடும் தெரிந்தது. புதிதாகக் கிளறிய அந்த ஈரமண்ணில் பசைச்செடிகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. என் மனைவி ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அதையும் கழுவாத பிலிம் சுருளையும் நான் அவரிடம் கொடுத்தேன். மண்ணை வாங்கும்போதுதான் அவர் அழுதார்.

அதன்பின் மழைக்காலம் ஒன்று போனது. காட்டிலிருந்து சரணடைந்த ஒருவன், போலீஸ் காட்டிய பழைய படங்களில் நான் எடுத்ததைப் பார்த்து, அந்தத் தழும்பை அடையாளம் காட்டிவிட்டான். பெயரும் சொன்னான், அண்ணனுக்கு டவுனில் போட்டோக்கடை என்றும் சொன்னான். முகம் மட்டும் எடுத்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காதாம். அதிகாரியே என்னிடம் சொன்னார், பாராட்டுவதைப் போல.

அந்தப் பாராட்டைக் கேட்டது ஜாசின் போலீஸ் நிலையத்தில். காலையில் ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மேசைமேல் என் கேமராவும் டின்னும், பிளாஸ்திரியெல்லாம் உரித்து, கண்ணாடிகள் தனித்தனியாகக் கிடந்தன. கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு கடையைச் சோதித்தபோது கிடைத்த என் படங்களும் அடுக்கியிருந்தன.

"அண்ணனிடமே கொண்டுபோய்த் தம்பியின் பிணத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறாய்," என்றார் அதிகாரி. "உனக்குத் தெரியாது?"

"நான் கழுவக் கொடுக்கும் கடை அது ஒன்றுதான், சார். கான்ஸ்டபிளும் கூட வந்தார்."

"அவன் எதுவும் சொல்லவில்லை?"

"ஓரங்களை வெட்டட்டுமா என்று கேட்டார்."

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு படத்தில் நிறுத்தினார். முன்னால் குடுவை, பின்னால் மேடு.

"இது என்ன?"

"குடுவைச் செடி, சார். பூச்சி தின்னும்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அவ்வளவு நன்றாக வரவில்லை," என்று சொல்லி மற்றவற்றின்மேல் போட்டார்.

சாயங்காலம்வரை வைத்திருந்துவிட்டு, துரை டெலிபோன் செய்தபிறகு விட்டார்கள். கேமராவைத் திருப்பித் தரவில்லை. ஒருமுறை போய்க் கேட்டேன்; விசாரணை முடியவில்லை என்றார்கள். மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. லயத்தில் சிலர் என்னை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். போலீஸ் ஆள் என்று சிலர், காட்டுக்காரன் ஆள் என்று சிலர். வாசலில் மயங்கிய ஒரு பெண்ணைத் தூக்கப் போனபோது அவள் புருஷன் என் கையைத் தட்டிவிட்டான். அந்த வருட முடிவில் வேலையை விட்டுவிட்டு கிளேபாங் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் வேலை கிடைத்தது.

கடைக்காரரையும் மனைவியையும் கப்பலேற்றிவிட்டார்கள். நான் மறுபடி பார்க்கவேயில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த சீனாவில் அவர்களுக்கு யாராவது இருந்தார்களா என்றுகூடத் தெரியாது. அவர் பிறந்தது மலாக்காவில். தாயை மட்டும், படுக்கையில் கிடப்பவர் என்று, டவுனில் ஒரு தர்ம இல்லத்தில் விட்டுவைத்திருந்தார்கள். நான் வேலை செய்த டாக்டர் அங்கே வைத்தியம் பார்க்கப் போவார். ஒருநாள் அவருக்குப் பதிலாக ஊசி போட நான் போனபோதுதான் அந்தத் தாயைப் பார்த்தேன். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலைமாட்டுப் பெட்டிமேல் அந்தப் படம் நின்றது.

மலாயில் மெதுவாகக் கேட்டார். "பெரியவன் எங்கேன்னு இவங்க சொல்ல மாட்டேங்கிறாங்க. சின்னவன் சிங்கப்பூர்ல காய்ச்சல்ல போனான். நீங்க டாக்டர்தானே, அது என்ன காய்ச்சல்?"

"மலேரியா, பாட்டி," என்றேன்.

"கொசுவலைக்குள்ள படுக்கவே மாட்டான் அவன். சின்னதுலேர்ந்து அப்படித்தான்." சொல்லிவிட்டு அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னாள். அடுத்தமுறை இருவருமாகப் போனோம். அவள் மெத்தென்று புட்டு அவித்துக் கொண்டுவந்து, வாழைப்பழத்தோடு பிசைந்து, கிழவிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். இருவருக்கும் பொதுவான மொழி பத்துச் சொல்கூட இருக்காது. ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டாள். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னாள்.

"அடுத்த கிழமையும் போவம்."

அந்த அம்மா சாகும்வரை ஒவ்வொரு வாரமும் போய்க்கொண்டிருந்தோம்.